ஃபேக்ஸ் கட்டத்தில் இருந்த தேதிகள்
மருந்துக் கிடங்கின் கணினியில் எதைப் பதிந்தாலும், சரக்குக் கணக்கைப் பார்க்கும் ஸ்டோர் அக்கா ஒருமுறை கதவைத் திரும்பிப் பார்ப்பார். ஆறு வருடங்களாக இதைக் கவனித்திருக்கிறேன், காரணம் கேட்டதில்லை.

படித்தவன் என்பதால், பழைய மென்பொருளை மாற்றத் திட்டம் போடும் வேலை என் தலையில் விழுந்தது. கூட்டத்தில் முதலாளி முன்னால் பட்டியலைப் படித்தேன். "ஃபேக்ஸ் நம்பர் கட்டம் இனிமே வேணாம் சார். நம்மகிட்ட ஃபேக்ஸே இல்லையே."

அக்காவின் முகம் வெளுத்தது. "தம்பி, அதை எடுத்துடாதீங்க. காலாவதி தேதிக்கு இதுல இடமே இல்ல. எல்லாத்தையும் அந்தக் கட்டத்துலதான் போட்டு வச்சிருக்கேன்."

அதை நீக்கியிருந்தால் கெட்டுப்போன மருந்து யார் கைக்குப் போயிருக்குமோ!

"நல்ல வேளை, சமையல் குறிப்பு போடல," என்று முதலாளி சிரித்தார். "எப்போலேர்ந்தும்மா இந்தக் கூத்து?"

"பேக்கிங் அண்ணன் போனதுலேர்ந்து சார்," என்றவர் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

காலாவதியான பெட்டியை அனுப்பிவிட்டார் என்று அந்த அண்ணனை வேலையைவிட்டு நிறுத்தியிருந்தார்கள். கூட்டம் முடிந்ததும் மாடிப்படியில் அக்கா என்னிடம் சொன்னார்: "அந்தத் தேதியை நோட்டுல எழுத மறந்தது நான்தான். சொன்னா என் வேலை போயிடும்னு பயம். இன்னைக்கும் வாய் வரல தம்பி. எதைப் பதிஞ்சாலும் அவர் வந்து நிக்கிற மாதிரியே இருக்கும், கதவைப் பார்த்துடுவேன்."

அக்கா இடத்தில் நான் இருந்திருந்தால் மட்டும் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. தேதிக்குத் தனிக் கட்டம் வேண்டும் என்று திட்டத்தில் எழுதிச் சேர்த்தேன். அந்த அண்ணனிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை அக்கா இன்னும் கேட்கவில்லை.