தடித்த கம்பியின் சத்தம்

எங்கள் வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். கடலூர் ஓல்டு டவுனில் எங்கள் வீட்டைத் தேடி வருகிறவர்கள் உள்ளே ஏதோ சண்டை என்று நினைத்து வாசலில் தயங்கி நிற்பார்கள். சண்டை ஒன்றும் இருக்காது. சாம்பார் போதுமா என்று அம்மா அப்பாவைக் கேட்டிருப்பாள்.

அப்பா குடிகாட்டுப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் இன்சார்ஜ். டிப்ளமோ படித்தவர், தினமும் இங்கிலீஷ் பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பவர். கம்ப்ரசர் ஓடும் கூடத்தில் வருஷக்கணக்காக நின்று அவர் காது மந்தமாகிவிட்டது. அதை அவர் ஒப்புக்கொண்டதில்லை. நாங்களும் வாய் திறந்து சொன்னதில்லை. யார் என்ன கேட்டாலும் லேசாகச் சிரித்துத் தலையை ஆட்டுவார். கரண்ட் பில் கட்டியாச்சா என்றாலும் அந்தத் தலையாட்டல்தான், பால்காரர் ஏன் வரவில்லை என்றாலும் அதே தலையாட்டல்தான்.

எனக்கு அது பெரிய மானக்கேடாக இருந்தது. கூடப் படிக்கிறவன் யாராவது வீட்டுக்கு வந்தால், "எந்த ஊருப்பா?" என்று தெருவே திரும்பும்படி கேட்பார். அவன் சொல்வான். அப்பா தலையாட்டிவிட்டு, காபி வருவதற்குள் மறுபடி அதையே கேட்பார். அதனால் நான் யாரையும் வீட்டுக்கு அழைப்பதை நிறுத்திவிட்டேன்.

2006இல் சிதம்பரத்தில் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பேண்டில் சேர்ந்தேன். எழுபதுகளின் இங்கிலீஷ் ராக் பாட்டுகளை வாசிக்கிற பேண்டு. கிட்டார் வாசிக்கத்தான் போனேன். அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் கிட்டாரோடு உட்கார்ந்திருந்தார்கள். "பேஸுக்குத்தான் ஆள் இல்ல" என்றார்கள். பாண்டிச்சேரியில் ஒரு சர்ச் பாடகர் குழு மூலையில் போட்டு வைத்திருந்த பேஸ் கிட்டாரை வாங்கினேன். அது பழைய காலத்துக் கதவு கனம் இருந்தது.

பேஸ் கிட்டாருக்கு நாலே கம்பிதான். எல்லாம் தடிமன், அதிலும் மேல் கம்பி கிட்டத்தட்ட கொடிக்கயிறு. பாட்டுக்கு அடியில் தும் தும் என்று ஓடுவது அதுதான். அது இருப்பது காதுக்குத் தெரியாது, இல்லாவிட்டால் ஏதோ குறையும் என்பார்கள். இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது என்பது எங்கள் பேண்டின் கருத்து. லீட் கிட்டார் வாசித்த சீனியர் ஒவ்வொரு பிராக்டீஸிலும் கேட்பான்: "மச்சான், நீ வாசிக்கறியா, சும்மா புடிச்சினு நிக்கிறியா?" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஹாஸ்டலுக்குப் போகிற வழியில் மட்டும் அவனுக்குச் சொல்லாத பதிலைச் சொல்லிக்கொண்டே போவேன்.

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அந்தக் காலத்து பேஸ்காரர்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அவர்களில் சிலர் கம்பிகளை அறுகிற வரை மாற்றவே மாட்டார்களாம். பளபளப்பு போய், அழுக்கேறி, மரத்தைத் தட்டுவது போன்ற சத்தம் வந்தால்தான் அவர்களுக்குத் திருப்தி. கம்பிகளுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகி, டோன் திருகை முழுக்கக் குறைத்துவிடுவார்களாம். நான் அம்மாவின் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை வெட்டிச் செருகினேன். சனி, ஞாயிறு வீட்டுக்கு வரும்போது முன்னறையில் ஸ்பீக்கரோடு கூடிய ஒரு சின்ன ஆம்ப்பை வைத்து வாசிப்பேன். அப்பா பக்கத்து நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்திருப்பார். அவர் கால் கட்டைவிரல் அசைந்துகொண்டிருக்கும். பழைய பாட்டு எதையோ நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் பேண்டில் அந்தச் சத்தம் யாருக்கும் எட்டவில்லை. "பிரைட்டா வெய்யி, விரலால தடவாத, பிக்கால அடி, ஆளு இருக்கறதே தெரியல" என்றான் சீனியர். வருகிற டிபார்ட்மென்ட் விழாதான் எனக்குக் கடைசி வாய்ப்பு என்றும், அதிலும் இப்படியே இருந்தால் கீபோர்டுக்காரன் இடது கையாலேயே என் வேலையைப் பார்த்துக்கொள்வான் என்றும் சொன்னான். புதுக் கம்பி வாங்கச் சென்னைக்குத்தான் போக வேண்டும். என் கம்பிகளோ எங்கள் ஊர் உப்புக்காற்றில் துருவேறிக் கிடந்தன. கொதிக்க வைத்தால் அழுக்கு நீங்கிப் புதுசு போல ஒலிக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். இட்லிக் குண்டானில் தண்ணீர் ஊற்றி நாலு கம்பிகளையும் சுருட்டிப் போட்டேன்.

அம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னாடா இது, ஒங்கப்பாவுக்கு டிபனா?" என்று கத்தினாள். அப்பா தலையாட்டினார்.

கம்பிகளைத் துடைத்து மாட்டி, ஸ்பாஞ்சைப் பிடுங்கிப் போட்டு, டோன் திருகை முழுக்கத் திறந்து வாசித்தேன். கணீரென்று இருந்தது, பழைய தும் தும் போய்விட்டது. அப்பா பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். "கரண்டு இல்லியா?" என்று கேட்டார். காது கேட்காதவர்கூட என்னைக் கிண்டல் பண்ணுகிறார் என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆம்ப்பை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

விழாவுக்குப் பெற்றோர்களையும் அழைத்திருந்தார்கள். நான் வீட்டில் மூச்சு விடவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுப் பையன் என் ஜூனியர், அவன் மூலமாக அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. மதியம் மேடைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தபோது அப்பா வெள்ளைச் சட்டையில், முதல் வரிசையில், எங்கள் பேராசிரியருக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் ஏதோ கேட்டார். அப்பா சிரித்துத் தலையாட்டினார். பேராசிரியர் திகைத்து மறுபடி கேட்டார். அப்பா மறுபடி தலையாட்டினார். நான் திரைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். அவர் என் அப்பா என்று யாருக்கும் தெரியாமல் விழா முடிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அன்றைக்கு ஒரு வீம்பும் செய்தேன். எப்படியும் துரத்தத்தான் போகிறார்கள், எனக்குப் பிடித்த சத்தத்தோடு போகிறேன் என்று ஸ்பாஞ்சைப் பழையபடி செருகிக்கொண்டேன். பாண்டிச்சேரியிலிருந்து வாடகைக்கு வந்த பெரிய பேஸ் ஸ்பீக்கர் பெட்டி அப்பாவுக்கு நேர் எதிரே இருந்தது. முதல் இரண்டு பாட்டும் நன்றாகப் போயின. மூன்றாவது பாட்டின் நடுவில் என் ஒயர் செத்துவிட்டது. பெட்டியிலிருந்து ஒரு சின்னக் கரகரப்பு, அப்புறம் ஒன்றுமில்லை.

நான் சுற்றிலும் பார்த்தேன். பாடுகிறவன் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தான். டிரம்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. பின்வரிசையில் நாற்காலி மேல் ஏறி ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆடிக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தருக்கும் தெரியவில்லை. நான் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னால், பேஸ் இல்லாமலே பாட்டு ஓடும் என்பதை நானே மேடையில் நிரூபித்ததாக ஆகிவிடும். அதனால் விரல்களை அசைத்துக்கொண்டே இருந்தேன். தலையையும் ஆட்டினேன்.

பாட்டு ஓரிடத்தில் அடங்கி, ஒற்றைக் கிட்டாரும் மெல்லிய குரலும் மட்டும் மிஞ்சும். சரியாக அங்கே அப்பா எழுந்தார். மேடை விளிம்பு வரைக்கும் நடந்து வந்து, பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, கம்ப்ரசர் கூடத்தில் ஆளைக் கூப்பிடுகிற குரலில் சொன்னார்:

"தம்பி! உன்னுது நின்னுபோச்சுடா! ஒயரைப் பாரு!"

கூடமே வெடித்துச் சிரித்தது. சீனியர் திரும்பி என் கையைப் பார்த்தான். விரல்கள் அப்போதும் கம்பியில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை நிறுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை. மேடை அப்படியே பிளந்து என்னை விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது. அந்த வருஷம் முழுக்கக் கல்லூரியில் என் பெயர் 'நின்னுபோச்சு'. பேண்டிலிருந்து என்னைப் போகச் சொல்லவில்லை. அடுத்த பிராக்டீஸ் எப்போது என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே அப்பாவோடு கடலூர் பஸ்ஸில் திரும்பினேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் அவர் பேச ஆரம்பித்தார்.

"அந்த வாத்தியாரு என்னமோ கேட்டாரு. தப்பா தலைய ஆட்டிட்டனோ?"

பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவா பேசுங்கப்பா."

அவர் தலையாட்டிவிட்டு அதே குரலில் தொடர்ந்தார். "பாட்டு எனக்கு வரலடா. அந்தப் பையன் வாய அசைக்கறான், அவ்ளோதான் தெரியுது. வீட்லயும் அப்படித்தான். அம்மா பேசறது, போன் அடிக்கறது, ஒண்ணும் வர்றதில்ல. நீ தும்முன்னு அடிப்பியே, அது மட்டும் வருது. நெஞ்சுல வந்து இடிக்குது. அது நின்னவொடனே கச்சேரியே நின்னுபோச்சுன்னு நெனச்சிட்டேன். அப்புறம் பாத்தா எல்லாம் ஆடினு இருக்காங்க. அப்பதான் புரிஞ்சுது, உன்னுதுதான் நின்னிருக்குன்னு."

நான் ஜன்னலிலிருந்து அவர் பக்கம் திரும்பினேன். என்ன சொன்னாலும் அவருக்குக் கேட்டிருக்காது.

"கம்பெனில காது டெஸ்ட் வெக்கறாங்க," என்றார். "சத்தம் கேட்டா கைய தூக்கணும். அந்தப் பொண்ணு பட்டன அமுக்கறப்ப மொகத்தப் பாத்து கைய தூக்கிடுவேன். இல்லன்னா எப்பவோ வீட்டுக்கு அனுப்பிச்சிருப்பாங்க. நீ யார்கிட்டயும் சொல்லிடாத."

எங்களிடம்கூட மறைத்து வைத்திருந்ததை ரகசியம் என்று நினைத்து மொத்த பஸ்ஸுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். கெமிக்கல் வாடை வர ஆரம்பித்திருந்தது. குடிகாட்டில் இறங்குவதற்காக இரண்டு பேர் கம்பெனிச் சட்டையோடு படிக்கட்டுப் பக்கம் நின்றார்கள். அவர்களில் ஒருவர் எங்களையே பார்த்தார். போதும் என்று சொல்வதற்காக அப்பாவின் முழங்காலை அழுத்தினேன். நான் அவரைத் தேற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு என் கைமேல் அவர் கையை வைத்தார். கம்பெனிச் சட்டைக்காரர் பார்வையைத் திருப்பிக்கொண்டு இறங்கிப்போனார். அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது. அப்பா ரிட்டயர் ஆகிற வரை வேலையில் இருந்தார்.

என் வாசிப்பைக் கேட்டிருந்த ஒரே ஆளை, நான் பகல் முழுக்க யாரோ போலப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் அந்த நினைப்பில் என் காது மடல் சுட்டது. கல்லூரிச் சிரிப்பு ஒரு வருஷத்தில் ஓய்ந்துவிட்டது. இது ஓயவில்லை.

பேஸ் அதற்குப் பிறகு வீட்டிலேயே கிடந்தது. அம்மா கத்துவதையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டாள். சோறு ஆனதும், "டேய், ஒங்கப்பாவக் கூப்பிடு" என்பாள். நான் ஆம்ப்பைப் போட்டு, ஸ்பாஞ்சோடு, தடித்த கம்பியை ஒரு தடவை அடிப்பேன். மாடியில் நாற்காலி நகரும். பேண்டில் யாருக்கும் வேண்டாத அந்தச் சத்தத்துக்கு அப்பா படியிறங்கி வருவார். இறங்கும்போதே தலையாட்டிக்கொண்டு வருவார். அது கேட்டுவிட்டு ஆட்டுகிற தலை. என்னால் அதை நிமிர்ந்து பார்க்க முடியாது. கம்பியைத் துடைப்பது போலக் குனிந்துகொள்வேன்.