ஈரக் கோணி

உப்பில் ஊறிய தோலின் நாற்றம் எங்காவது மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை வறண்டுவிடும். எழுபதுகளில் பல்லாவரத்துத் தோல் மண்டி ஒன்றில் என் அப்பா எடை எழுதிக்கொண்டிருந்தார். தராசின் இரும்புப் பலகையை உப்பு அரித்துவிடக் கூடாதென்று அதன்மேல் எப்போதும் ஓர் ஈரக் கோணியை மடித்துப் போட்டிருப்பார்கள், ஒவ்வொரு தோல் கட்டையும் நிறுத்ததும் அப்பா "கோணி போக" என்று உரக்கச் சொல்லி இரண்டு கிலோவைக் கழித்தே எழுதுவார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தது.

அந்தத் தராசில்தான் காதரை ஏற்றினேன். பள்ளிக்கூடத்துக் குஸ்தியில் அவனும் நானும் ஜோடி. தாம்பரத்துப் போட்டியில் நாற்பத்தெட்டுக் கிலோவைத் தாண்டினால் அடுத்த பிரிவில் இறங்க வேண்டும். அங்கே, முந்தைய வருடம் அவன் தோளைப் பிசகவைத்த தடியன் இருந்தான். முள் ஐம்பத்திரண்டைக் காட்டியது. சோற்றை விட்டான், பிறகு தண்ணீரையும் விட்டான், கம்பளியைச் சுற்றிக்கொண்டு அனகாபுத்தூர் ஆற்றங்கரை வெயிலில் ஓடினான்.

"தின்னுற வயசுல இன்னாடா இது கோராமை? முட்டையத் தின்னு, கஞ்சியக் குடி, அந்தப் பெரிய பையனோடவே மோது. தோத்தா தோத்துட்டுப் போ!" என்று அவன் அம்மா தட்டோடு பின்னாலேயே வந்து கத்துவார்.

மூன்று நாளில் முள் ஐம்பதுக்கு வந்தது. "தொண்ட காஞ்சிகினு கீதுடா மச்சான், ஒரு வாய் குடிச்சிக்கிறேன்" என்று கெஞ்சினான். "இன்னும் ரெண்டு கிலோ கீது, தாங்கிக்கோ" என்று சொம்பைப் பிடுங்கியவன் நான்தான், பாவி.

முந்தின நாள் மண்டித் தராசில் நாற்பத்தெட்டு இருந்தவனை, போட்டியன்று காலை தாம்பரத்தில் நிறுத்துவிட்டு "நாற்பத்தாறு" என்றார்கள். "ரெண்டு கிலோ எங்கடா போச்சி?" என்று வெடித்த உதட்டோடு அவன் சிரித்தான். அப்போதுதான் அப்பாவின் "கோணி போக" என் காதில் விழுந்தது. கோணியைக் கழிக்காமலே அவனை நிறுத்திருந்தேன். எதிராளி கை வைக்குமுன்பே காதர் மைதானத்தில் சாய்ந்தான். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் சிறுநீர் இறங்காமல் கிடந்து போய்ச் சேர்ந்தான்.

அதற்கப்புறம் எப்போது அந்த வீட்டுக்குப் போனாலும் அவன் அம்மா முதலில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து வைப்பார். "குடி கண்ணு. என் புள்ளைக்கு நாந்தான் வாயப் பொளந்து ஊத்தியிருக்கணும், வுட்டுட்டேனே" என்று தலையில் அடித்துக்கொள்வார். இல்லைம்மா, நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்ல வருடக்கணக்காக எனக்கு நாக்கு எழவில்லை.

மண்டி இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள். கீழ்த்தளத்து உடற்பயிற்சிக் கூடத்தில் பையன்கள் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலோடு எடை பார்க்கிறார்கள். அந்த அம்மாவும் போய்விட்டார், என் குற்றத்தைத் தன் குற்றமென்றே நம்பிக்கொண்டு. அவர் கொடுத்த தண்ணீரையெல்லாம் ஒரு சொட்டு மீதியில்லாமல் நான் குடித்திருக்கிறேன்.