கிணற்றுமேட்டு எஞ்சினும் குட்டி டிராக்டரும்

சூடேறிய டீசலும் கோடை மழை குடித்த கருமண்ணும் ஒன்றாகக் கலந்தால் ஒரு வாசம் வரும். அது நல்ல வாசமா கெட்ட வாசமா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. மூக்கில் பட்டால் போதும், ஒரு குட்டி டிராக்டரின் மட்கார்டு மேல், பாவாடையை முழங்காலோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று கூசிப்போய் நான் உட்கார்ந்திருப்பேன். ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை அது. அதற்கு மேல் நான் பள்ளிக்கூடம் போகவில்லை என்பதால், விடுமுறை என்று எனக்குக் கிடைத்ததில் அதுதான் கடைசி.

அந்த டிராக்டர் நாச்சம்மா அத்தையுடையது. அத்தை என் அப்பாவுக்கு உடன்பிறந்த அக்கா. அவிநாசிக்கு வடக்கே ஓர் ஊரில் வாக்கப்பட்டவர். மாமா உயிரோடு இருக்கும்போது எங்கேயோ ஏலத்தில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வந்த வண்டி அது. ஆள் இடுப்பு உயரம்தான் இருக்கும். ஊரில் எல்லோரும் அதை "எலிக்குட்டி" என்றார்கள். செம்மண் தோட்டத்தில் அது நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அத்தைக்கு மேற்கே ஒரு கருமண் காடு, மழையை நம்பிய மானாவாரி நிலம், இருந்தது. கோடையில் அந்த மண் இறுகிப் பாறைபோல ஆகிவிடும். அங்கே கலப்பையை இறக்கினால் எலிக்குட்டி இரண்டு முழம் இழுத்துவிட்டு, முக்கி முனகி, புகையைக் கக்கி நின்றுவிடும். மாமா போன பிறகு இரண்டு கோடை அந்தக் காடு உழவில்லாமல் கிடந்தது. மாட்டு ஏர் கேட்டால் பங்காளிகள் வீட்டில்தான் கேட்க வேண்டும். கேட்டால் இன்றைக்கு நாளைக்கு என்பார்கள்.

ஏன் என்று சின்னப்பிள்ளையான எனக்கே தெரியும். மாமாவின் தம்பிக்கு, அதாவது அத்தையின் கொழுந்தனாருக்கு, அந்தக் காட்டின் மேல் ஒரு கண். அவர் கெட்ட மனிதர் இல்லை. பேசினால் தேன் ஒழுகும். எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை "நங்கையா" என்று கூப்பிடுவார்கள். அந்த ஒரு சொல்லிலேயே அவர் இரண்டு கும்பிடு வைத்துவிடுவார்.

"நங்கையா, காடு சும்மா கெடந்தா கோரையல்லோ ஏறிப்போகும்? நீங்க சிரமப்படாதீங்க. இந்த மழைக்கு நாங்களே ஓட்டி வெதச்சுக்கறமுங்க" என்றார், நான் போய் இறங்கிய அன்றைக்கு வந்து.

அத்தை அவருக்கு மோர் கொடுத்துவிட்டு, "மழ பேஞ்சு ஈரம் காயறதுக்குள்ள நான் ஓட்டலீன்னா நீங்க ஓட்டிக்குங்க, கொழுந்தனாரே" என்றார்.

அவர் போன பிறகு அத்தை என்னிடம் திரும்பி, "ஏங்கண்ணு, அவரு ஒருக்கா ஏரு பூட்டிப்போட்டா அப்புறம் அந்தக் காட்டுக்குள்ள நான் போறதுக்கு அவருகிட்டத்தான் வழி கேக்கோணும்" என்று சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. குழம்புக்கு உப்புப் போதுமா என்று பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னார்.

என் அப்பா கோவையில் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் ஃபிட்டர். விடுமுறைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டவர், அன்று மாலையே கிணற்றுமேட்டுக்குப் போய் நின்றார். அங்கே ஒரு பழைய ஆயில் எஞ்சின் சாக்கு மூடிக் கிடந்தது. இரண்டு சிலிண்டர்; பெரிய ஆழக் கிணற்றிலிருந்து வருடக்கணக்காகத் தண்ணீர் இறைத்தது. தோட்டத்துக்குக் கரண்டு வந்து மோட்டார் மாட்டியதிலிருந்து அதற்கு வேலை இல்லை. அப்பா சாக்கை எடுத்துப் பார்த்தார், சுற்றி வந்தார், அத்தையைப் பார்த்தார்.

"அக்கா, இத எலிக்குட்டிக்கு மாட்டிப்போட்டா?"

"மாட்ட முடியுமா?"

"எடம் பத்தாது. பத்தற மாதிரி பண்ணிக்கலாம்."

அந்தப் பதில் அத்தைக்குப் போதுமாக இருந்தது.

அப்புறம் அந்த வீட்டு வாசலே பட்டறையானது. வேப்பமரக் கிளையில் சங்கிலி மாட்டி, எலிக்குட்டியின் சின்ன எஞ்சினைக் கழற்றித் தூக்கி ஓரமாக வைத்தார்கள். கிணற்றுமேட்டு எஞ்சின் கட்டை வண்டியில் வந்து இறங்கியது. எஞ்சினையும் கியர் பெட்டியையும் நேராகக் கோக்க முடியாது, இரண்டின் துளைகளும் ஒன்றுக்கொன்று சேராது என்று, அப்பா கணபதிக்குப் போய்ப் பட்டறையில் ஒரு கனத்த இரும்புத் தட்டைக் கடைந்து கொண்டுவந்தார். அதன் ஒரு பக்கத்துத் துளைகள் எஞ்சினுக்கு, மறுபக்கத்துத் துளைகள் கியர் பெட்டிக்கு. வண்டியின் முன்சட்டத்தை ஒரு சாண் நீட்டி வெல்டிங் வைத்தார்கள். உக்கடத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு லாரி ரேடியேட்டர் வந்தது. எல்லாம் மாட்டிய பிறகு பானெட் மூடவில்லை. மூடாவிட்டால் போகட்டும் என்று கழற்றி மாட்டுக் கொட்டகையில் வைத்தார்கள். கோழிகள் அதற்கடியில் முட்டையிட ஆரம்பித்தன. நான் அப்பா கேட்கும் ஸ்பேனரை எண் பார்த்து எடுத்துக் கொடுப்பேன். சாப்பிடக் கூப்பிட்டால் அப்பா மண்ணெண்ணெயில் கை கழுவிவிட்டு வருவார், ராகிக் களியிலும் அந்த வாசமே அடிக்கும்.

ஒரு புதன்கிழமை நல்ல மழை பிடித்தது. வியாழக்கிழமை பொழுதோடு கடைசி போல்ட்டை முடுக்கினார் அப்பா. எஞ்சினைக் கிளப்பிப் பார்த்தார்கள். வாசலில் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரமெல்லாம் கிடுகிடுத்தது. அப்பா கியர் போட்டுப் பார்க்கிறேன் என்றபோது அத்தை விடவில்லை. "பூச போடாம வண்டி ஒரு அடி நகரக் கூடாது தம்பி. நாளைக்கு வெள்ளிக்கெழம. எல்லாரும் வரட்டும்" என்றார். எங்கள் ஊர்ப் பக்கம் அப்படித்தான். சைக்கிள் வாங்கினாலும் சந்தனம் வைத்துத்தான் ஏறுவோம்.

மறுநாள் காலையில் ஒரம்பரைச் சொந்தக்காரர்கள், பங்காளி, அக்கம்பக்கம் எல்லாம் வாசலில் நின்றார்கள். கொழுந்தனார் வெள்ளை வேட்டியில் வந்து முன்வரிசையில் நின்றார். வண்டிக்கு மாலை, எஞ்சினுக்குப் பொட்டு, நாலு சக்கரத்துக்கு முன்னாலும் நாலு எலுமிச்சம்பழம். "அம்மணி, நீயும் ஏறு" என்று அத்தை என்னைத் தூக்கி மட்கார்டு மேல் உட்காரவைத்துவிட்டார். நான் பாவாடையை முழங்காலோடு இறுக்கிக்கொண்டேன். கற்பூரம் காட்டினார்கள். அப்பா முதல் கியரைப் போட்டு, கிளட்சை மெல்ல விட்டார்.

வண்டி பின்னால் போனது.

தண்ணீர்க் குடத்தை உடைத்துக்கொண்டு, தீவனத் தட்டை மிதித்துக்கொண்டு, நிதானமாகப் பின்னால் போனது. அப்பா நிறுத்தினார். கியரைக் குனிந்து பார்த்தார். இரண்டாவது கியர் போட்டார். இன்னும் கொஞ்சம் வேகமாகப் பின்னால் போனது. எலுமிச்சம்பழங்கள் நாலும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. முதலில் ஒரு பையன் சிரித்தான், அப்புறம் எல்லோரும். எனக்கு அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

கொழுந்தனார் சிரிக்கவில்லை, சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டு, "நங்கையா, வண்டிக்குக் காட்டுக்குப் போறதுக்கு இஷ்டமில்லீங்களாட்ட இருக்குது. எங்கூட்டுப் பக்கமல்லோ வருது" என்றார்.

அப்பா எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தார். அவர் காது மடல் சிவந்திருந்தது. அத்தை வண்டியைப் பார்க்கவில்லை. எஞ்சின் கிடந்த கிணற்றுமேட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, அங்க பெல்ட்ட எட்டாட்டத்தானே மாட்டியிருந்தோம்?"

அப்பா படுத்தபடியே நெற்றியில் அறைந்துகொண்டார்.

விஷயம் இதுதான். கிணற்றுமேட்டில் எஞ்சின் ஒரு பக்கம், பம்பு ஒரு பக்கம், நடுவில் நீளமான பெல்ட். எஞ்சின் சுற்றும் பக்கத்துக்குப் பம்பு சுற்றினால் தண்ணீர் ஏறாது. எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். அதற்காகப் பெல்ட்டை நடுவில் குறுக்காக முறுக்கி, எட்டு எழுதியதுபோல மாட்டியிருந்தார்கள். தினமும் அதே பெல்ட், அதே எட்டு. கண்ணுக்குப் பழகிப் போனதால் அந்த எஞ்சின் மற்ற எஞ்சின்களுக்கு எதிராகச் சுற்றுகிறது என்பதே எல்லோருக்கும் மறந்து போயிருந்தது. டிராக்டரில் பெல்ட் இல்லை, எட்டும் இல்லை. நேராக மாட்டினார்கள், நேர் எதிராக ஓடியது.

"சரி பண்ண முடியாதுங்களா, மாப்ள?" என்று கொழுந்தனார் அப்பாவைக் கேட்டார். உண்மையான அக்கறைபோலத்தான் இருந்தது.

"பின்னால பூராவும் பிரிச்சு, உள்ள இருக்கற பெரிய பல்சக்கரத்தப் பக்கம் மாத்தி வெக்கோணுமுங்க. பட்டறைக்குக் கொண்டு போயித்தான் செய்யோணும்."

"அதுக்குள்ள ஈரம் காஞ்சு போயிருமுங்களே."

அத்தை கொடுத்த வாக்கு எல்லோருக்கும் தெரியும். கொழுந்தனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பத் திரும்பினார். அப்போதுதான் அத்தை, "சித்த நில்லுங்க, கொழுந்தனாரே" என்றார். அப்பாவிடம், "இந்த வண்டிக்குப் பின்னால போறதுக்குன்னு ஒரு கியர் இருக்குதல்லோ? அதப் போடு" என்றார்.

அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். அப்பா முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பி, பின்னால் போகிற கியரைப் போட்டார். எலிக்குட்டி எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு முன்னால் போனது.

"ஒரே கியர்ல உழுகறதுங்களா, நங்கையா? ஆம வேகமல்லோ?"

"உழவுக்கு என்னத்துக்கு ஓட்டம்? மூணு கியர்லயுமா ஒரே நேரத்துல ஓட்டறாங்க?" என்றார் அத்தை.

அன்றைக்கே காட்டில் கலப்பை இறங்கியது. மெதுவான கியர் என்பதே அங்கே நல்லதாகப் போயிற்று. பெரிய எஞ்சினின் பலம் முழுவதும் அந்த மெதுவில் இறங்கி, பாறையாகக் கிடந்த மண் ஆட்டுக்குட்டி அளவு கட்டிகளாகப் பெயர்ந்து புரண்டது. முன்பக்கம் எஞ்சின் கனத்துப் போனதால் ஸ்டியரிங்கைத் திருப்ப அப்பாவுக்குத் தோள் பிய்ந்தது. வரப்போரம் திரும்பும்போது பின்னால் வர வேண்டுமானால் மட்டும் வண்டி உற்சாகமாகிவிடும். பின்னால் வருவதற்கு அதற்கு மூன்று வேகம். அத்தை உழவுக்குப் பின்னாலேயே நடந்து கோரைக்கிழங்கைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டு வந்தார்.

ஆனால் அந்தக் கியர் நாளெல்லாம் ஓடுவதற்காகச் செய்யப்பட்டதில்லை. வண்டியைக் கொட்டகையில் விடுவதற்கு நாலடி பின்னால் வர வைத்திருந்தது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கியர் பெட்டியிலிருந்து அழுவதுபோல ஒரு சத்தம் கிளம்பியது. அப்பா கை வைத்துப் பார்த்துவிட்டு வெடுக்கென எடுத்தார். இன்னும் கால்வாசிக் காடு பாக்கி. வரப்பில் கொழுந்தனார் குடை பிடித்து நின்றிருந்தார். பல் முறிந்தால் காடும் போயிற்று, வண்டியும் போயிற்று. அத்தை என்னை ஓடவிட்டு ஈரச்சாக்குக் கொண்டுவரச் சொல்லி, பெட்டி மேல் போர்த்தினார். சாக்கிலிருந்து ஆவி பறந்தது. அப்பா கலப்பையைக் கொஞ்சம் தூக்கி, பாதி ஆழத்துக்கு ஒருமுறை, மீதி ஆழத்துக்கு இன்னொருமுறை என்று ஓட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஈரச்சாக்கு மாற்றுவது என் வேலை. வண்டி வரும்போது கூடவே ஓடி ஓடி மாற்றினேன். வரப்பில் யார் நிற்கிறார்கள் என்ற நினைப்பே எனக்கு இல்லை.

லீவு முடிந்தும் அப்பா திங்கட்கிழமை பட்டறைக்குப் போகவில்லை. அன்று பொழுது இறங்கும்போது கடைசிச் சால் முடிந்தது. பல் முறியவில்லை. கொழுந்தனார் செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டுக் காட்டுக்குள் இறங்கி வந்து, ஒரு மண்கட்டியைக் கையில் எடுத்து உடைத்துப் பார்த்தார். நல்ல விவசாயி அவர். மண்ணைப் பார்த்தால் பொய் சொல்ல வராது.

"நல்ல ஆழமாத்தானுங்க போயிருக்குது" என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "எங்க வடக்காலக் காடும் இதே மண்ணுதானுங்களே, நங்கையா. ஒரு நாளைக்கு வண்டி அனுப்புவீங்களா?"

"அதுக்கென்னங்க. பல்சக்கரத்த மாத்திப்போட்டு முன்னால போற கியர்லயே அனுப்பி வெக்கறேன்" என்றார் அத்தை. முதலில் சிரித்தது கொழுந்தனார்தான்.

சொன்னபடியே அப்பா அடுத்த மாதம் வண்டியைப் பிரித்து, பல்சக்கரத்தைப் பக்கம் மாற்றி வைத்தார். எலிக்குட்டி அதன் பிறகு பல வருடம் ஒழுங்காக ஓடியது; பானெட் மட்டும் கடைசி வரைக்கும் கோழிகளிடமே இருந்துவிட்டது. காட்டைப் பற்றிப் பிறகு யாரும் அத்தையிடம் பேச்செடுக்கவில்லை.

இப்போது அத்தை இல்லை, அப்பா இல்லை, கொழுந்தனாரும் இல்லை. எலிக்குட்டியை எடைக்குப் போட்டாயிற்று. கிணறு வற்றி, கிணற்றுமேட்டையும் சமன் செய்துவிட்டார்கள். கொழுந்தனாரின் வடக்குக் காட்டை அவர் பேரன்கள் சைட்டுப் பிரித்து விற்றுவிட்டதால் அங்கே வரிசையாக வீடுகள். கருமண் காட்டை அத்தை எனக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். வருடம் தவறாமல் சோளம் போடுகிறேன். மழை பெய்தால் போன் செய்தால் போதும், ஆள் உயரச் சக்கரம் வைத்த டிராக்டர் வந்து மத்தியானத்துக்குள் உழுதுவிட்டுப் போய்விடுகிறது.

மாமா காலத்தில் அந்தக் காட்டுக்கு "பெரியூட்டுக் காடு" என்று பெயர். அந்த உழவுக்குப் பிறகு ஊரில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. போன வாரம் மழை பெய்த மறுநாள் டிராக்டர்காரத் தம்பிக்குப் போன் செய்தேன். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருக்கும் பையன், என்னையே சரியாகத் தெரியாது. காட்டுக்கு வழி சொல்ல ஆரம்பித்தேன்.

"தெரியுமுங்கம்மா" என்றான். "நாச்சம்மா காடுதானுங்களே?"