ஒன்பது முழக் கட்டில்

என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது கை தட்டினார். அன்றிலிருந்துதான் அவரோடு உட்கார்ந்து சாப்பிட எனக்குப் பிடிக்காமல் போனது. தட்டுக்கு எதிரே மைலோ டின்னில் போனைச் சாய்த்து வைத்திருந்தார். எங்கோ தூர தேசத்துச் சண்டை. வானத்திலிருந்து எடுத்த படம். ஒரு மாடிக் கட்டடம் தெரிந்தது, அடுத்த நொடி வெறும் புகை தெரிந்தது. குழம்பு ஒட்டிய கையோடு பட்டென்று தட்டிவிட்டு, "விழுந்துச்சு பாரு" என்றார். சோற்றுப் பருக்கை ஒன்று தெறித்துப் போன்மேல் விழுந்தது. அதை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார்.

நான் அப்படியே எழுந்து தட்டைக் கழுவப் போட்டேன்.

இந்த மனுஷன் யாரென்று சொன்னால்தான் நான் ஏன் எழுந்தேன் என்று புரியும். மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து செம்பனைப் பழக்குலைகளை எண்ணெய் மில்லுக்கு ஏற்றிப்போகும் லாரியை ஓட்டுகிறவர். ஒருமுறை முழு லோடோடு வந்த லாரியை மண்சாலை நடுவில் நிறுத்தி, இறங்கிப்போய் ஓர் ஆமையைத் தூக்கி ஓரத்தில் விட்டுவிட்டு வந்தார். பின்னால் வந்த லாரிக்காரர் அன்று திட்டிய திட்டைக் கூட்டாளிகள் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த ஆள்தான் கை தட்டினார். இருபத்திரண்டு வருஷமாக நான் பக்கத்தில் படுத்து எழுந்த மனுஷன் இன்னும் இவருக்குள் இருக்கிறாரா, இல்லையா? அந்த மாதம் முழுக்க எனக்கு வேறு கவலையே இல்லை.

நாங்கள் இருவரும் கோயில் கும்பிடுகிற குடும்பத்தில் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகு இயேசுவிடம் வந்தவர்கள். எனக்கு ஜாசின் பாசார் சந்தைக்கு வெளியே பூக்கடை. அம்மன் கோயிலுக்கும் நான்தான் மாலை கட்டுகிறேன், கிறிஸ்தவக் கல்யாணத்துக்கும் நான்தான். சனிக்கிழமை சாயங்காலம் குருபோங்கில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டு ஹாலில் எங்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். நடத்துகிறவரைப் பாஸ்டர் என்போம். முன்பு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவர். நோயாளிகளுக்காக ஜெபிக்கும்போது அழுதுவிடுவார், பொய் அழுகை இல்லை. அவரை முழுக் கெட்டவர் என்று சொல்லிவிட முடிந்தால் எனக்கு வேலை சுலபமாகிவிடும்.

சண்டை தொடங்கியதும் அவருக்கு ராட்சதர்கள் கிடைத்தார்கள். பழைய ஏற்பாட்டில், எபிரேய ஜனங்கள் தங்களுக்கு வாக்களித்த நாட்டுக்குள் போகும்முன் வேவு பார்க்க ஆள் அனுப்புவார்கள். போனவர்கள் திரும்பிவந்து, 'அங்கே ராட்சதர்கள் இருக்கிறார்கள், அவர்கள் முன்னால் நாங்கள் வெட்டுக்கிளி அளவுதான்' என்று புலம்புவார்கள். பாஸ்டர் இதைப் படித்துக் காட்டிவிட்டு, இன்று குண்டு விழுகிற ஊர்க்காரர்கள் அந்த ராட்சதர்களின் வித்து என்றார். பிறகு போனை டிவியில் இணைத்துப் படம் போட்டார். கட்டடங்கள் விழ விழ எல்லோரும் ஆமென் சொன்னார்கள். முதல் வாரம் நானும் சொன்னேன். எந்தச் சோப்புப் போட்டும் அந்த வாயைக் கழுவ முடியாது.

இரண்டாம் வாரம் படத்தைச் சரியாகப் பார்த்தேன். உயரத்திலிருந்து எடுத்த படம். அதில் ஓடுகிற ஆள் அரிசி அளவுதான் இருந்தான். அரிசி அளவில் ஓடுகிறவன் ராட்சதனாம், மேகத்துக்கு மேலே நின்று அவனைக் குனிந்து பார்க்கிறவன் வெட்டுக்கிளியாம். அந்த ஹாலில் இது ஒருவருக்கும் இடிக்கவில்லை. ராட்சதர் கதையைச் சுமந்துகொண்டு வந்த வேவுகாரர்களைக் கடவுள் மெச்சவில்லை, வாதையில் செத்தார்கள் என்றும் அதே வேதத்தில் இருக்கிறது. அதைப் பாஸ்டர் படிக்கவில்லை.

கூட்டத்தின் ஆண்டு விழா வந்தது. முந்தின நாளே பாஸ்டர் எங்களை வரச்சொன்னார்.

"சிஸ்டர், நீங்கதான் தெனம் முழம் போடுறவங்க. ராட்சத ராஜா ஒருத்தனோட இரும்புக் கட்டில் ஒன்பது முழம் நீளம், நாலு முழம் அகலம்னு வேதத்துல இருக்கு. ஹால்ல டேப் ஒட்டிக் காட்டிருங்க. ஜனங்க கண்ணால பாக்கட்டும்லா. நாளைக்கு அந்த வசனத்தையும் நீங்களே படிங்க."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். தரையில் மண்டியிட்டு, முழங்கையை ஊன்றி ஊன்றி அளந்தேன். ஆனால் பூ அளக்கிற கைக்கு ஒரு பழக்கம் உண்டு. விரல் நுனிவரை போகாது, ஓர் அங்குலம் முன்னாலேயே மடிந்துவிடும். ஜாசினில் எல்லாப் பூக்காரிகளுக்கும் இந்த வியாதி இருக்கிறது. வாங்குகிறவர்களுக்கும் தெரியும், "அக்கா, கையக் கொஞ்சம் நீட்டுங்க" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அந்தப் பழக்கத்திலேயே ராட்சதனுக்கும் அளந்துவிட்டேன். சிவப்பு டேப் ஒட்டி முடித்து எழுந்து பார்த்தால், கட்டில் ஹாலின் ஒரு பக்கத்தில் அடக்கமாகக் கிடந்தது.

"என்னா சிஸ்டர், ரெண்டு மெத்தை சேத்துப் போட்ட மாரி இருக்கு?" என்றார் பாஸ்டர். ஹாலை அலங்கரிக்க வந்திருந்த எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரருக்கு நீளக் கை. அவரைக் கூப்பிட்டு மறுபடியும் ஒன்பது முழம் போடச் சொன்னார். அதுவும் போதவில்லை.

"இன்னும் ரெண்டு போடுங்க, பிரதர். பெருசா இருந்தாத்தான் பயம் வரும்."

என் வீட்டுக்காரர் இன்னும் இரண்டு போட்டார். நான் குறைத்து அளந்தது வியாபாரப் புத்தி, ஒப்புக்கொள்கிறேன். செத்துப்போன ஒரு ராஜாவுக்கு இவர்கள் கூட்டிக்கொடுத்த இரண்டு முழம் என்ன புத்தி?

மறுநாள் காலை கடையில் கூட்டமில்லை. தடுமாறாமல் படிக்க வேண்டுமே என்று போனில் அந்த அதிகாரத்தைத் திறந்தேன். கட்டில் வசனம் கொஞ்சம் கீழே இருந்தது, அதனால் மேலிருந்தே வாசித்துக்கொண்டு வந்தேன். அந்த ராஜாவின் அறுபது பட்டணங்களைப் பிடித்தார்கள். ஒவ்வொரு பட்டணத்திலும் ஆண்களையும் பெண்களையும் பிள்ளைகளையும் அழித்தார்கள். ஆடுமாடுகளை மட்டும் விட்டுவைத்து, தங்களுக்கென்று ஓட்டிக்கொண்டு போனார்கள். அதற்குக் கீழேதான் கட்டில் வருகிறது. அங்கே எழுதியிருக்கிறது: ராட்சதர்களில் மிச்சமிருந்தவன் அந்த ராஜா ஒருவன் மட்டும்தான்.

மூன்று தரம் வாசித்தேன். மிச்சமிருந்தவன் அவன் ஒருவன் என்றால், அந்த அறுபது பட்டணத்தில் செத்தவர்கள் யார்? சாதாரணக் கட்டிலில் படுத்த சாதாரண ஜனங்கள். சந்தைக்குப் போனவர்கள், பிள்ளைக்குச் சோறு ஊட்டியவர்கள். ஒரே ஒரு ராட்சதனைக் காட்டி அத்தனை பேரையும் முடித்திருக்கிறார்கள். எழுதியவர் எதையும் ஒளிக்கவில்லை, வரிசையாகத்தான் எழுதி வைத்திருக்கிறார். நாங்கள்தான் பெண்களையும் பிள்ளைகளையும் தாண்டிக் குதித்துப் போய்க் கட்டிலை அளந்துகொண்டிருந்தோம். முதல் ஒன்பது முழத்தை அளந்தது என் கை. கட்டிக்கொண்டிருந்த மல்லிகையைத் தொடவே கூசியது.

சாயங்காலம் ஹாலில் எள் போட இடமில்லை. சிவப்புக் கட்டிலைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். நான் பைபிளைத் திறந்து பட்டணங்களிலிருந்து தொடங்கினேன்.

"சிஸ்டர், கட்டில் வசனம் மட்டும் போதும்" என்றார் பாஸ்டர்.

"கட்டில் வருது, பாஸ்டர். அதுக்கு முன்னால இது இருக்கு."

பெண்களையும் பிள்ளைகளையும் படித்தேன். ஆடுமாடுகளைப் படித்தேன். கட்டிலையும் படித்து முடித்துவிட்டுக் கேட்டேன்: "மிச்சம் இருந்த ராட்சதன் ஒரே ஒருத்தன்தான்னு போட்டிருக்கு. அப்போ மத்தவங்க யாரு பாஸ்டர்? நாம டிவியில பாத்து ஆமென் சொல்றமே, அவங்க யாரு?"

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுக்கெல்லாம் ஆவிக்குரிய அர்த்தம் இருக்கு சிஸ்டர். பெறகு பேசலாம்" என்றார். யாரோ ஒருவர், "பிரியாணி ஆறுது" என்றார். அந்த வார்த்தைக்கே காத்திருந்ததுபோல் எல்லோரும் கலைந்தார்கள். கொஞ்ச நேரத்தில் நாலைந்து பேர் கோழிக்கால் கடித்த கையோடு கட்டிலுக்குள் படுத்து, கையைக் காலை விரித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். நான் பிரியாணித் தட்டை வாங்கவில்லை. வெளியே போய் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்றேன்.

என் வீட்டுக்காரர் குருபோங்கிலிருந்து ஜாசின்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதில் ஒரு சின்ன நம்பிக்கை வந்தது. யோசிக்கிறார், உறைத்திருக்கிறது, ஆமையைத் தூக்கி விட்ட ஆள் உள்ளே இருந்து எழுந்து வருகிறார் என்று நினைத்தேன். அவரை ஏமாற்றிவிட்டார்கள், உண்மையை எடுத்துக் காட்டினால் திரும்பிவிடுவார் என்று வழி முழுக்க என்னையே தேற்றிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீன் குழம்பு. அவருக்குப் பரிமாறிவிட்டு, பல நாள் கழித்து நானும் எதிரே உட்கார்ந்தேன். போன் ஓடிக்கொண்டிருந்தது. இடிந்த வீட்டுக்குள்ளிருந்து ஒரு மனுஷன் துணியில் சுற்றிய எதையோ மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தான். துணிக்கு வெளியே சின்னக் கால் ஒன்று தெரிந்தது. என் வீட்டுக்காரர் சட்டென்று விரலால் தள்ளி அடுத்த படத்துக்குப் போனார்.

"எதுக்குத் தள்ளுறீங்க?" என்றேன். "ராட்சதன் பிள்ளைதானே? பாக்க வேண்டியதுதானே?"

அவர் முள்ளை எடுத்துத் தட்டு ஓரத்தில் வைத்தார்.

"நேத்து என்னமோ நீயே கண்டுபுடிச்ச மாரி பேசுன. அந்த வசனம் எனக்குத் தெரியாதா? எத்தன தடவ படிச்சிருக்கேன். பாஸ்டருக்குத் தெரியும், அங்க உள்ளவங்க எல்லாருக்கும் தெரியும்."

"என்ன தெரியும்?"

"ராட்சதனும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு. நம்மள மாரி ஆளுங்கதான். ராட்சதன்னு நெனச்சுக்கிட்டாத்தான் பாக்க முடியுது."

அவரை யாரும் ஏமாற்றியிருக்கவில்லை. நான் எடுத்துக் காட்டுவதற்கு ஒன்றுமே மிச்சமில்லை.

"அப்போ பாக்காதீங்க" என்றேன்.

என் முகத்தைப் பார்க்காமல் கடைசி வாய்ச் சோற்றை உருட்டிப் போட்டுக்கொண்டு எழுந்தார். கை கழுவப் போகும்போது போனையும் எடுத்துக்கொண்டு போனார்.