வெங்காய மண்டியில் அப்பா படம்

ஆயுத பூஜைச் சாயங்காலம் பெரம்பலூர் கடைவீதியில் வியாபாரம் என்று எதுவும் நடக்காது. ஆனால் ஒரு கடைகூடச் சாத்தியிருக்காது. கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, சீரியல் லைட் போட்டு, போகிற வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுப் பொரியும் கடலையும் அள்ளிக் கொடுப்பார்கள். கடைக்குள் இருக்கிற அத்தனைக்கும் அன்று சந்தனமும் குங்குமமும் உண்டு. தராசு, எடைக்கல், கத்தரிக்கோல், சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப், மேசை மின்விசிறி, எதையும் விட்டுவைக்க மாட்டார்கள். ஜவுளிக்கடை வாசலில் நிற்கும் பொம்மைக்கும் பொட்டு வைத்திருப்பார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அந்த ஊர்ப் பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர். ஊரில் படம் வரைகிற ஆட்கள் மூன்று பேர்தான். நான், ஆண்கள் பள்ளி டிராயிங் மாஸ்டர், போட்டோ ஸ்டுடியோக்காரர். வரைந்ததை யாருக்காவது காட்ட வேண்டும் என்ற ஆசை மூன்று பேருக்கும் இருந்தது. காட்டத்தான் இடம் இல்லை. ஸ்டுடியோக்காரர்தான் ஒரு நாள் யோசனை சொன்னார்.

"ஆயுத பூஜ அன்னைக்கு ஊரே கடை கடையா ஏறி எறங்குது டீச்சர். செவுரெல்லாம் சும்மாத்தான கெடக்குது? படத்த மாட்டி வுடுவோம். பொரி திங்க வர்றவன் அதையும் பாத்துட்டுப் போறான்."

கேட்டவுடன் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம், ஏன் கூடாது என்று தோன்றிவிட்டது. கடைக்காரர்களிடம் போய்க் கேட்டோம். ஒருவர்கூட மறுக்கவில்லை. "ஆணி அடிக்கணுமா, அடிச்சுக்குங்க" என்று சுத்தியலையும் எடுத்துக் கொடுத்தார்கள். மாஸ்டர் வரைந்த கங்கைகொண்ட சோழபுரத்துக் கோபுரம் மருந்துக் கடைக்குப் போயிற்று. ஸ்டுடியோக்காரரின் ஏரியும் அன்னப்பறவையும் பாத்திரக் கடைக்கு. என் படங்களில் சில சைக்கிள் கடைக்கும் தையல் கடைக்கும் போயின. எல்லாவற்றிலும் பெரியதை நானே சுமந்துபோய் வெங்காய மண்டியில் மாட்டினேன்.

அது என் அப்பாவின் படம். பென்சில் ஷேடிங்கில் வரைந்து, கண்ணாடிச் சட்டம் போட்டது. பார்த்து வரைய ஒரு போட்டோகூட என்னிடம் கிடையாது. மனசில் இருந்ததை வரைந்தேன். மாட்டும்போது மண்டி முதலாளியிடம், "எங்க அப்பா" என்று மட்டும் சொன்னேன். மண்டியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கடைவீதிக்குள் நுழைந்தால் முதலில் வருவது அந்தக் கடைதான். அரியலூர் பஸ்ஸில் அப்பா வந்து இறங்கினால் அதைத் தாண்டித்தான் வர வேண்டும்.

வந்தால் அல்லவா! அப்பா அரியலூரில் ரயில்வே கேட் கீப்பர். அவருடைய அக்கா மகனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டு நான் டிராயிங் படிக்கப் போனதோடு எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது. அவர் பக்கமும் நியாயம் இருந்தது. அத்தை அதற்கப்புறம் தம்பி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அப்பாவுக்கு அக்கா என்றால் உயிர். அந்தக் கோபத்தில், தனக்குப் பெண் என்று ஒருத்தி இருக்கிறாள் என்பதையே அவர் யாரிடமும் சொல்வதில்லை. இதை அம்மா சொல்லிக் கேட்ட அன்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நானும் அவர் பெண்தானே, வீம்பில் குறைச்சலா? ஊருக்கே போகாமல் இருந்துவிட்டேன். ஆனாலும் அந்த ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் அம்மா என்னைப் பார்க்க வந்தபோது, "அவரையும் கூட்டிக்கிட்டு வாம்மா" என்று சொல்லி அனுப்பினேன். "நான் சொல்லிப் பாக்குறேன். அந்த மனுசன் மசியணுமே" என்றாள் அம்மா.

அன்று சாயங்காலம் கூட்டமோ கூட்டம். கடைவீதியின் மறுகோடியில், ஸ்டுடியோவில், அங்கே மாட்டியிருந்த படங்களைப் பற்றிச் சொல்ல என்னை நிறுத்தியிருந்தார்கள். ஒரு கையில் பொரி, ஒரு கையில் பிள்ளை என்று ஜனங்கள் வந்து அண்ணாந்து பார்த்தார்கள். "இந்த மாட்டுக்குக் கொம்பு கோணலா இருக்குதே" என்றார் ஒருவர். "உங்க வூட்டு மாட்டுக்கு நேரா இருக்குதா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, இல்லை என்று ஒப்புக்கொண்டார். எனக்கு ஒரே சந்தோஷம்.

அப்போது எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சர் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசத் தேத்திக்குங்க. எல்லாருக்கும் உள்ளதுதானே" என்றார். சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. என் படங்கள் ஆறுதல் சொல்கிற அளவுக்கா மோசமாக இருக்கின்றன? பின்னாலேயே மளிகைக் கடை அம்மா வந்து என் தலையைத் தடவி, உச் கொட்டிவிட்டு நகர்ந்தார். சரிதான், ஊரே சேர்ந்து நம் மானத்தை வாங்குகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் எங்கள் பள்ளி ஆயா அழுதுகொண்டே ஓடி வந்தாள்.

"ஏந்தாயி, ஒரு வார்த்த சொல்லலையே! உங்கப்பாரு போயிட்டாராமே! மண்டியில படத்துக்கு மாலையெல்லாம் போட்டு வெளக்கு ஏத்தி வச்சிருக்காங்க. அங்க நின்னுக்கிட்டு உங்கம்மா அழுவுறத என் கண்ணால பாத்துட்டு வரேன்."

அரியலூரிலிருந்து சேதி கொண்டு அம்மா வந்திருக்கிறாள், எனக்குத் தெரிவதற்குள் ஊருக்குத் தெரிந்து மாலையும் போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஒரு வார்த்தை பேசாமலே போய்விட்டாரே என்று புலம்பிக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளாமல் ஓடினேன். வழியில் ஆள் ஆளுக்கு ஏதோ கேட்டார்கள். எதுவும் காதில் விழவில்லை.

மண்டி வாசலில் ஒரே கூட்டம். விலக்கிக்கொண்டு உள்ளே போனால், சுவரில் நான் வரைந்த அப்பா இருக்கிறார். நெற்றியில் சந்தனம், குங்குமம். சட்டத்தின் மேல் கனமாக ஒரு செவ்வந்தி மாலை. கீழே விளக்கு, ஊதுபத்தி, இலையில் பழம், பொரி. அதற்கு எதிரே, வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டும் இரண்டு கை நிறையப் பொரியுமாக என் அப்பா நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. அப்படியே நின்றுவிட்டேன். அவர்கள் இருவரும் என்னைப் பார்க்கவில்லை.

மண்டி முதலாளிக்கு அப்பாவை அடையாளம் தெரியவில்லை. அப்பா ஒரு சுற்று இளைத்திருந்தார், நானோ பழைய அப்பாவை வரைந்திருந்தேன். முதலாளி நல்ல மனிதர். கறுப்பு வெள்ளையில், சட்டம் போட்டு, இத்தனை பெரிதாக ஒரு ஆளின் படம் இருந்தால் அந்த ஆள் இறந்துவிட்டார் என்றுதான் எங்கள் பக்கத்தில் அர்த்தம். உயிரோடு இருக்கிறவரைப் பெரிய படம் போட்டு மாட்டுகிற வழக்கம் அப்போது கட்சிக்காரர்களுக்கு மட்டும்தான் இருந்தது. பூஜை நேரத்தில் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர், படத்தையும் பார்த்து மனசு இளகி, பூக்கடைக்கு ஆள் அனுப்பி மாலை வாங்கிப் போட்டிருக்கிறார்.

"கும்புட்டுக்குங்கய்யா" என்று அப்பாவிடமே சொல்லிக்கொண்டிருந்தார். "நம்ம டிராயிங் டீச்சரோட அப்பா. மொகத்தப் பாருங்க, எம்புட்டு லெச்சணம்!"

அப்பா நிதானமாகக் கேட்டார். "எப்பச் செத்தாரு?"

"அது தெரியலீங்க. அந்தப் புள்ள எதையும் வெளிய சொல்லிக்காது. ஆனா நீங்களே சொல்லுங்க, அப்பன் உசுரோட இருந்தா பொட்டப்புள்ளைய இப்புடி ஊரு விட்டு ஊரு தனியா வுட்டுட்டு எட்டிப் பாக்காம இருப்பானா?"

அப்பா கையிலிருந்த பொரியை இலையில் வைத்துவிட்டுத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். நான், "அப்பா!" என்று கத்திவிட்டேன்.

முதலாளி என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "அய்யய்யோ, என்ன காரியம் பண்ணிட்டேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டு அப்பாவின் காலில் விழப் போனார். அப்பா அவரைத் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"விடுங்க. நீங்க ஒண்ணும் தப்பாச் சொல்லிடல" என்றார்.

அம்மா படத்தில் இருந்த பொட்டை முந்தானையால் அழுத்தித் துடைக்க ஆரம்பித்தாள். அப்பா தானே எட்டி மாலையைக் கழற்றி, தராசுக்குப் போட்டார். பிறகு படத்துக்குக் கிட்டே போய்க் கொஞ்ச நேரம் பார்த்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் நின்றேன்.

"எனக்குக் காது இம்புட்டுப் பெருசாவா இருக்குது?"

அத்தனை வருஷத்துக்கு அப்புறம் என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. எனக்குச் சும்மா இருக்க வருமா? "இருக்குறதத்தான் வரைஞ்சேன்" என்றேன்.

"ம்" என்றார். "மத்ததெல்லாம் எங்க மாட்டியிருக்க? வா."

மூன்று பேரும் கடைவீதியில் நடந்தோம். நாங்கள் நடப்பதற்கு முன்னால் அவர் இறந்த சேதி நடந்திருந்தது. மருந்துக் கடைக்காரர் எழுந்து நின்று என்னிடம் துக்கம் கேட்டார். அப்பாவுக்கு வேறு வழியில்லை. "அவங்க அப்பா நான்தாங்க. நல்லாத்தான் இருக்கேன்" என்று எரிச்சலோடு சொன்னார். பாத்திரக் கடையிலும் அதையே சொல்ல வேண்டியிருந்தது. சைக்கிள் கடை பாய், "யா அல்லா! மவுத்தாயிட்டீங்கன்னுல்ல சொன்னாங்க!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "இப்புடிப் பொய்யாச் சேதி பரவுனா ஆயுசு கெட்டிங்க அத்தா" என்றார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே மாட்டியிருந்த என் படங்களை ஒவ்வொன்றாக நின்று பார்த்தார். ஒரு படத்தில் ரயில்வே கேட் இருந்தது. அதில் விளக்கை நான் தப்பான பக்கத்தில் வைத்துவிட்டதாகச் சண்டைக்கு வந்தார். நானும் விடவில்லை. அம்மா, "ஆரம்பிச்சிட்டீங்களா ரெண்டு பேரும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே திட்டினாள்.

கடைசியாகத் தையல் கடைக்குப் போனோம். சந்துக்குள் இருந்த கடை. தையல்காரர் பூஜை வேலையில் வெளியே தலை காட்டாததால் அந்தச் சேதி அவருக்கு வந்து சேரவே இல்லை. யார் எவர் என்று கேட்காமல், வந்தவர்களுக்குக் கொடுப்பதுபோல எங்களுக்கும் பொரி கொடுத்தார். சுவரில், களத்தில் வெங்காயம் காயப்போடும் பெண்களை நான் வரைந்த படம் இருந்தது.

அப்பா அதைப் பார்த்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் தையல்காரர் பக்கம் திரும்பி, "இது எம் பொண்ணு வரைஞ்சது" என்றார்.

"அப்புடிங்களா!" என்று தையல்காரர் இன்னும் ஒரு கை பொரி அள்ளி அவர் துண்டில் போட்டார். நான் பொட்டு வைத்த தையல் மெஷினைப் பார்ப்பதுபோலத் திரும்பி நின்று அழுது தீர்த்தேன்.