பக்கெட்டின் தலை சாய்ந்த மாதம்

ஏகாம்பரம் அண்ணன் போய்விட்டார். காலையில் அவர் மகள் போன் செய்தாள்... தூக்கத்திலேயே.

பேரைச் சொன்னால் உங்களில் யாருக்கும் தெரியாது. பக்கெட்டு என்றால் தெரியும்.

தொண்ணூறுகளின் கடைசியில், பள்ளி விட்டு வரும் நேரத்துக்கு டிவியில் வாரா வாரம் ஒரு அறிவியல் நிகழ்ச்சி போகும். நடுவில் ஐந்து நிமிடம், கையில் மாட்டி ஆட்டும் இரண்டு பொம்மைகள். எல்லாம் தெரிந்த ஒல்லி, குண்டூசி. எதைக் கேட்டாலும் தப்பாகச் சொல்லும் குண்டன், பக்கெட்டு.

பென்னலூரில் எங்கள் வீட்டு கறுப்பு வெள்ளை டிவியில் பார்த்த ஆவியாதல் பாடம் இன்னும் வரி வரியாக நினைவிருக்கிறது. வெயிலில் வைத்த தண்ணீர் ஆவியாகி மேலே போய்விட்டது என்று குண்டூசி விளக்குவான். பக்கெட்டு எகிறுவான்.

"யாரக் கேட்டு மேல போச்சி? கொழாயாண்ட ஒரு மணி நேரம் நின்னு எங்கம்மா புடிச்ச தண்ணிடா அது!"

"அது மழையாத் திரும்பி வரும் பக்கெட்டு."

"எங்க வூட்டு மேலயே வருமா? பக்கத்து வூட்ல பேஞ்சா நான் போயி கேக்க முடியுமா?"

டிவியில் எல்லோரும் சுத்தமாகப் பேசிய காலம். இந்தப் பொம்மை மட்டும் எங்கள் தெருவைப் போலப் பேசியது. டிவிக்குள் எங்கள் ஊர்க்காரன் ஒருவன் எப்படிப் போனான் என்று வாயைப் பிளந்து பார்த்தோம்.

ஒரு வார நிகழ்ச்சியில் பக்கெட்டின் தலை சாய்ந்துவிட்டது. நிமிரவே இல்லை... தோளில் விழுந்து கிடந்தது.

"ஏன்டா தலையைச் சாய்ச்சிக்கிட்டே இருக்கே?" என்றான் குண்டூசி.

"படிச்சதெல்லாம் ஒரே பக்கமா சேந்துகிச்சிடா. வெயிட்டு தாங்கல."

அதற்குப் பிறகு கடைசி வரை அது சாய்ந்தேதான் இருந்தது. எங்கள் வகுப்பில் பதில் தெரியாதவர்கள் எழுந்து நின்று தலையைச் சாய்ப்பார்கள்; வகுப்பே சிரிக்கும். அதை எல்லோரையும் விட நன்றாகச் செய்தவள் நான்.

ஏழெட்டு வருடம் கழித்து நான் நிருபர். வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரகடம் பக்கம் பெரிய கம்பெனிகளுக்கு இரும்புத் தகட்டில் பார்ட்ஸ் அடித்துக் கொடுக்கும் சின்னச் சின்ன பிரஸ் ஷாப்களில் விரல் இழந்தவர்களைப் பற்றி ஒரு செய்தி. தண்டலத்தில் ஏகாம்பரம் என்பவரைப் பார்க்கச் சொன்னார்கள்.

இடது கையில் ஆள்காட்டி விரல் அடியோடு இல்லை. கேஸ் போட்டு, அது வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தது. வேலைக்குச் சேரும்போதே அந்த விரல் இல்லை என்று ஷாப் முதலாளி சாதித்தார். கட்டுப் போட்ட கிளினிக்கில் சீட்டும் தரவில்லை.

"விரல் இருந்ததுக்கு ஒரு போட்டோ கூட இல்லையாண்ணா?" என்று கேட்டேன்.

"போட்டோ இல்ல. டிவில கீது... ஆனா யார் கண்ணுக்கும் தெரியாது."

புரியாமல் பார்த்தேன். அவர் தோளில் கிடந்த கர்ச்சீப்பை எடுத்து இடது கையில் போர்த்தினார். கட்டைவிரலும் நடுவிரலும் இரண்டு கைகளாக எழுந்து நின்றன. நடுவில் தலையைத் தாங்க விரல் இல்லை. துணி ஒரு பக்கமாகச் சரிந்தது.

என் தலை தானாகச் சாய்ந்தது.

"அட... நீயும் பாத்தவதானா?" அதே குரல்.

குண்டூசி வலது கை. பக்கெட்டு இடது கை. இரண்டு குரலும் ஒரே ஆள். மாதத்தில் ஒரு ஞாயிறு சென்னைக்குப் போய் அந்த மாதத்துக்கு உண்டானதை நடித்துக் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை முதல் ஷிப்டுக்கு பிரஸ் முன்னால் நின்றிருக்கிறார்.

விபத்து நடந்த பிறகு வந்த ஞாயிறும் போயிருக்கிறார். கட்டோடு. வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. அந்த "வெயிட்டு தாங்கல" எழுதி வைத்த வசனம் இல்லை. கேமரா ஓடும்போது வாயில் வந்தது.

"வலி உயிரு போச்சி. நல்லவேள, பொம்மைக்கு மூஞ்சி மாறாது," என்றார்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் அந்த ஷாப்பில் சேர்ந்து பல மாதம் வரை பக்கெட்டின் தலை நிமிர்ந்துதான் இருந்தது. சாய்ந்தது அதற்குப் பிறகு. "அண்ணா, அந்த டேப்பைக் கேட்டு வாங்கினா கேஸ்ல ஜெயிச்சிடலாம்!"

"பக்கெட்ட கூண்டுல ஏத்தப்போறியா ரிப்போர்ட்டரம்மா?" கர்ச்சீப் மறுபடி எழுந்தது. வலது கை ஜட்ஜ் ஆனது.

"உன் பேர் என்ன?"

"பக்கெட்டுங்க ஐயா."

"தொழில்?"

"தப்புத் தப்பா பதில் சொல்றதுங்க."

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அவர் துணியை உருவி மடித்து வைத்தார்.

"வேணாம்மா. இன்னும் திருப்பித் திருப்பி போட்டுகினுதான் கீறாங்க. பசங்க பாத்து சிரிக்குதுங்க. நீங்க சிரிச்சது அந்தாளு வெரலு போனதுக்குன்னு அதுங்களாண்ட போய் சொல்லச் சொல்றியா?"

"அப்ப கேஸு?"

"போவட்டும். எழுதணும்னா நான் போனப்புறம் எழுதிக்கோ. அதுக்குள்ள அதுங்களும் பெர்சாயிருக்கும்... தாங்கும்."

கேஸ் தோற்றது. என் செய்தியில் அவருக்கு ஒரு வரி. பொம்மையைப் பற்றி ஒன்றும் இல்லை. இத்தனை வருடத்தில், கையில் வைத்துக்கொண்டே நான் எழுதாமல் விட்டது இது ஒன்றுதான்.

மாலை நாலு மணிக்கு எடுக்கிறார்கள். தண்டலத்துக்குக் கிளம்புகிறேன்.

எழுதிட்டேண்ணா. நாங்க எல்லாம் பெர்சாயிட்டோம்.

போய் வாங்க.