தம்பிதுரை திருப்பிப் போட்ட அச்சு

அன்னூருக்குக் கிழக்கே எங்கள் ஊரில் தம்பிதுரையின் காரைப் பற்றிப் பேசாத வாய் கிடையாது. அதில் ஏறிப் போன ஆள்தான் கிடையாது. குன்னூர்த் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி அது. ஜெர்மன் சண்டைக்கும் முந்தியது. முன்னால் செம்பு மாதிரி இரண்டு பித்தளை விளக்குகள், பக்கவாட்டில் ரப்பர் பந்து வைத்த ஊதுகுழல். எந்தக் கம்பெனி என்று சொல்லும் தகடு எப்போதோ கழன்று விழுந்திருந்தது. தம்பிதுரை அதை ஆசை ஆசையாக மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தார். ஊர் எல்லையைத் தொட்டபோது தண்ணீர் வற்றி எஞ்சின் வெடித்து நின்றது. மிச்ச தூரத்துக்கு மாடு பூட்டி இழுத்தோம். அதற்குப் பிறகு அது மாட்டுக்கொட்டகையில்தான் குடியிருந்தது. பின்சீட்டில் கோழிகள் அடைகாத்தன.

நான் அவருக்குப் பங்காளி. அதனால் புகழ்ந்து பேசுவேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மனிதர் எந்த வேலையையும் பாதியில் விடமாட்டார், முக்காலில் விடுவார். பாத்திகட்டி வைத்துவிட்டு நாற்றை மறப்பார். புதுக் கதவு செய்து வைத்துவிட்டுத் தாழ்ப்பாள் வைக்க மாட்டார். ஊரார் சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். மாடு கட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் கவலை ஓட்டுவதில் மட்டும் அவரை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. மாடுகள் சரிவில் இறங்கினால் கிணற்றிலிருந்து தண்ணீர்ப் பறி மேலே வரும். அதே மாடுகள் திரும்பாமல் பின்னாலேயே நடந்து மேடேறினால் பறி மறுபடி கிணற்றில் இறங்கும். பின்னால் நடத்துவதுதான் கஷ்டம். முரட்டு மாட்டைக்கூடத் தம்பிதுரை நாக்கைத் தட்டியே பின்னுக்கு நடத்திவிடுவார்.

அந்த வருசம் தையில் அவர் மனைவி ராசாத்தாள் மச்சு ஏணியிலிருந்து சறுக்கி விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டாள். கட்டுப் போட்ட வைத்தியர், "எலும்பு கூடிக்கிட்டு வருது. ஆடி வரைக்கும் மாட்டுவண்டி மட்டும் ஆகாதுங்க. ஒரு குலுக்கு குலுக்கினா விலகிப்போயிரும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். வைகாசியில் அவள் தம்பி செங்கோடனுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

தாயில்லாத தம்பி. அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் ராசாத்தாள். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலிக்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையும் அவன் கூடப் பிறந்தவளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க, கூறைச்சேலையால் இருவரையும் இணைப்பார்கள். கூடப் பிறந்தவள் வர முடியாவிட்டால் பங்காளி வீட்டுப் பெண் யாரையாவது அந்த இடத்தில் உட்கார வைப்பார்கள். சாங்கியம் நின்றுபோகாது. ஆனால் ராசாத்தாளின் இடத்தில் இன்னொருத்தி உட்காருவாள். அதை நினைத்து நினைத்து அவள் சோறு தின்பதைக் குறைத்துவிட்டாள்.

பிறந்த வீடு சத்தியமங்கலத்துக்கு இப்பால் ஒரு கிராமம். கட்டிலோடு தூக்கி வந்துவிடலாம் என்று அண்ணன்மார் முறையில் நாலு பேர் வந்து சொன்னார்கள். "பாடையில போற மாதிரியா என்ற தம்பி கல்யாணத்துக்குப் போவேன்?" என்று அவள் மறுத்துவிட்டாள். கோயமுத்தூரிலிருந்து வாடகைக் கார் அனுப்புகிறேன் என்று அவள் அப்பா ஆள் விட்டார். அதற்குத் தம்பிதுரை சொன்ன பதிலை நான் காதால் கேட்டேன்.

"ஊட்டுல காரை நிறுத்தி வெச்சுப்போட்டு வாடகைக் காருல வாரதுங்களா? மாமன்கிட்டச் சொல்லுங்க, எங்க காருலயே வாரோம்."

"ஏனுங்க மாமா, வாடகைக் காரே வரட்டுமுங்க" என்று உள்ளேயிருந்து ராசாத்தாள் சொன்னாள். தம்பிதுரை காதில் வாங்கவில்லை. ஆள் போய்விட்டான். வைகாசி முகூர்த்தங்களுக்குக் கோயமுத்தூரில் இருந்த வாடகைக் கார்கள் எல்லாம் பேசி முடிந்துவிட்டன. அப்புறம்தான் மனிதருக்குத் தன் காரில் எஞ்சின் இல்லை என்பது உறைத்தது.

திம்பம் மலைப்பாதையில் ஒரு செவர்லே லாரி சரிந்து கிடந்தது. டிரைவர் குதித்துத் தப்பிவிட்டார், கூடு நொறுங்கிப் போயிற்று, எஞ்சினுக்கு மட்டும் கீறல் இல்லை. அதை கியர்பெட்டியோடு விலைக்கு வாங்கி வண்டியில் ஏற்றி வந்தார் தம்பிதுரை. கோயமுத்தூர் உக்கடத்தில் குளத்தை ஒட்டி மோட்டார்ப் பட்டறை வைத்திருந்த அமீர் ஹம்சா தன் சாமான் பெட்டியோடு வந்து சேர்ந்தார். தம்பிதுரை வயசுக்காரர், வேலையில் கெட்டி, வாயில் அதைவிடக் கெட்டி. கொட்டகையில் நின்ற காரையும் தரையில் கிடந்த எஞ்சினையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங் கவுண்டரே, இது ஆட்டுக்குட்டிக்கு எருமைத்தலை வைக்கிற வேலைங்க."

"வெச்சா நடக்குமா, பாயி?"

"நடக்கும். அழகா இருக்குமான்னு கேக்காதீங்க."

எஞ்சினைத் தூக்கி உள்ளே இறக்கப் பட்டறையில் சங்கிலி உருளை இருந்தது. கொட்டகையில் அதற்கு எங்கே போவது? தம்பிதுரை கிணற்றடிக்குப் போய்க் கவலை உருளையையும் வடக்கயிற்றையும் கழற்றி வந்தார். உருளையைக் கொட்டகை உத்திரத்தில் கட்டி, கயிற்றின் ஒரு நுனியை எஞ்சினிலும் மறு நுனியை மாடுகளின் நுகத்திலும் பிணைத்தார். மாடுகள் முன்னே நடந்தன, எஞ்சின் மேலே போயிற்று. காரை அடியில் தள்ளினோம். அப்புறம் அவர் மாடுகளின் முகத்துக்கு நேரே நின்று, "பொறத்தே, பொறத்தே" என்று நாக்கைத் தட்ட, மாடுகள் ஒவ்வொரு எட்டாகப் பின்வாங்கின. அத்தனை கனமும் தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் போடுவது மாதிரி இரும்புச் சட்டத்தில் போய் உட்கார்ந்தது. அமீர் ஹம்சா வந்து மாடுகளின் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

எஞ்சின் நீளம். மூடி மூடவில்லை, கயிறு போட்டுக் கட்டினார்கள். எஞ்சினிலிருந்து பின்னச்சுக்குப் போகும் நடுத்தண்டு பொருந்தவில்லை, அதை உக்கடத்துக்கு எடுத்துப்போய் வெட்டி ஒட்டி வருகிறேன் என்று அமீர் ஹம்சா கிளம்பினார். அவர் இல்லாத நேரத்தில்தான் எங்கள் ஆள் புத்தியைக் காட்டினார்.

பின்சக்கரங்களைத் தாங்கும் அச்சுக்கூட்டின் அடிப்பக்கம் துருவேறி ஓட்டை விழுந்து எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. மாட்டுவண்டி அச்சு அடியில் தேய்ந்தால் நாங்கள் என்ன செய்வோம்? திருப்பிப் போடுவோம். தேய்ந்த பக்கம் மேலே போய்விடும், அச்சு இன்னும் பல வருசம் ஓடும். தம்பிதுரை வண்டி ஆசாரியைக் கூப்பிட்டு, அதையே காருக்கும் செய்துவிட்டார். ஓட்டை மேலே போயிற்று. ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகவில்லை. திரும்பி வந்த அமீர் ஹம்சா தரை காய்ந்திருப்பதைப் பார்த்து, நன்றாக அடைத்திருக்கிறீர்கள் என்று மெச்சிவிட்டு நடுத்தண்டை மாட்டினார். காரைக் கட்டைமேல் தூக்கி வைத்து எஞ்சினை முடுக்கினோம். சக்கரம் சுற்றியது. எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்க யாருக்குத் தோன்றும்? சுற்றியதே எங்களுக்குப் பெரிசாக இருந்தது. ராசாத்தாள் கட்டிலில் படுத்தபடி சத்தத்தைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இணைச்சீர் தாலிக்கு முந்தின நாள் மாலை, பொழுது சாய்வதற்குள். அன்றைக்கு விடியலிலேயே அவளைத் தூக்கிவந்து பின்சீட்டில் தலையணை வைத்துக் காலை நீட்டி உட்கார வைத்தோம். கொட்டகையிலிருந்து வெளியே வர, அமீர் ஹம்சா பின்னால் போகும் கியரைப் போட்டார். கார் முன்னால் போய்க் கொட்டகைக்குள் குவித்திருந்த வைக்கோலில் முட்டிக்கொண்டது. முன்னால் போகும் கியரைப் போட்டார். கார் சர்ரென்று பின்னால் வெளியே வந்தது. அவர் இறங்கிக் குனிந்து அடியில் பார்த்தார்.

"கவுண்டரே, அச்சைத் திருப்பியா போட்டீங்க?"

"ஆமா. ஓட்டையை மேல கொண்டாந்தேன்."

"வண்டியை மாடு இழுக்குதுங்க. இதுக்கு அச்சுக்குள்ள இருக்கிற பல்சக்கரம்தானுங்க மாடு. நீங்க மாட்டையே திருப்பிப் பூட்டிப்போட்டீங்க."

மாற்றிப் போட இரண்டு நாள் ஆகும் என்றார். முன்னால் போக ஒரே கியர், அதுவும் பின்னால் போவதற்கென்று வைத்த மெதுவான கியர். தம்பிதுரை முகம் செத்துப்போனது. நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. எனக்கே சிரிக்க வாய் வரவில்லை. ராசாத்தாள் வாடகைக் காரைப் பற்றிக் குத்திக்காட்டாமல் தலையணையைச் சரிசெய்துகொண்டாள்.

"அந்த ஒரு கியருலயே போலாம், பாயி" என்றார் தம்பிதுரை.

போனோம். நானும் ஒரு குடம் தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டு படிப்பலகையில் உட்கார்ந்து போனேன். எஞ்சின் கதறியது, வண்டி நகர்ந்தது. சந்தைக்குப் போகிற சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப்போய்த் திரும்பிப் பார்த்தார்கள். வழியில் கண்ட கிணற்றிலெல்லாம் நின்று எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றினோம். புளியம்பட்டியைத் தாண்டும்போது உச்சிப்பொழுது சாய்ந்துவிட்டது. கியர் பிடித்த பிடியில் நிற்காமல் எகிறத் தொடங்கியது. அமீர் ஹம்சா முழங்காலால் அதை அமுக்கிக்கொண்டே வந்தவர், கடைசியில் காலை எடுத்துவிட்டார்.

"இனி அமுக்கினா பல்லு மிஞ்சாதுங்க."

எஞ்சின் அடங்கியதும்தான் ராசாத்தாள் அழுதுகொண்டிருப்பது எங்களுக்குக் கேட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

தம்பிதுரை அவளைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார். "பாயி, வண்டியைத் திருப்பி நிறுத்துங்க. பொறத்தாலயே போலாம். அதுக்கு மூணு கியர் இருக்குதல்ல."

"அத்தனை தூரமுங்களா? வேகத்துல ஸ்டீரிங் வளையம் கைக்கு நிக்காதுங்க. நம்மால ஆகாது."

"உங்களுக்கு ஆகாது. நான் பொறத்தாலயே நடத்திப் பொழைக்கிறவன்."

வளையத்தின் முன் அவர் உட்கார்ந்தார். ஒரு கையால் சீட்டைப் பிடித்து உடம்பை முழுக்கப் பின்பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போது ஒன்று தெரிந்தது. பின்னால் மடக்கி வைத்த துணிக்கூரை மறைத்ததில் ரோட்டின் கிட்டத்துப் பாகம் அவர் கண்ணுக்குப் படவில்லை. பின்சீட்டில் சாய்ந்திருந்த ராசாத்தாள் கழுத்தைத் திருப்பினால் அவளுக்கு எல்லாம் தெரிந்தது.

"அம்மணி, நீ சொல்லு. நீ சொல்றபடி போறேன்" என்றார்.

அவள் கண்ணைத் துடைத்தாள். ரோட்டை எட்டிப் பார்த்தாள். "சோத்தாங்கைப் பக்கம் கொஞ்சம் வாங்க. போதும். குழி வருதுங்க, மெதுவா."

கார் புறப்பட்டது. முதலில் நடையாக, பிறகு ஓட்டமாக, நேர்ரோடு வந்ததும் பறந்தது என்றே சொல்வேன். வளையத்தை அவர் வெட்டித் திருப்பவில்லை. மாடு ஒரு எட்டு விலகினால் மூக்கணாங்கயிற்றைத் தொட்டும் தொடாமலும் இழுப்பாரே, அதே விரல். எதிரே வந்த பாரவண்டிக்காரர்கள் ஓரம் கட்டினார்கள். அமீர் ஹம்சா கண்ணை மூடிக்கொண்டு ஓதிக்கொண்டிருந்தார். நானும் குலதெய்வத்தை விடவில்லை.

ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்குப் பயமே இல்லை. அவள் சொல்கிறாள், அவர் கேட்கிறார். ஊர்வேலை, தோட்டம், வீடு நிறையச் சனம். பகலில் புருசனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் நின்று பார்க்கிற வழக்கம் எங்கள் வீடுகளில் கிடையாது. "கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து அவுங்க முகத்தை அத்தனை நேரம் வெளிச்சத்துல நான் பாத்ததில்லை" என்று பிற்பாடு அவள் என் வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறாள். காது ஓரம் நரைத்திருப்பதை அன்றைக்குத்தான் கண்டாளாம்.

பந்தலில் பங்காளி மகள் பழனியாத்தாள் பட்டுடுத்தித் தயாராக நின்றாள். சாங்கியம் செய்விக்கும் அருமைக்காரர், பொழுது போகிறது, மணையில் உட்காருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். செங்கோடன், அக்கா வரட்டும் என்று அசையாமல் நின்றானாம். ஊதுகுழல் சத்தம் கேட்டு எல்லோரும் ரோட்டைப் பார்த்தார்கள். ஒரு காரின் பின்பக்கம் வந்தது. அதில் முதலில் தெரிந்த முகம் ராசாத்தாளுடையது. பந்தலே சிரித்தது. செங்கோடன் மட்டும் சிரிக்காமல் ஓடிவந்து, மாப்பிள்ளைக் கோலத்தோடு அக்காவை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனான். கூறைச்சேலையால் இணைத்தபோது அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் தாலி கட்டி, பந்தி முடிந்து, கிளம்பும் நேரம். அமீர் ஹம்சா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு சாமான் பெட்டியைத் திறந்தார்.

"ரெண்டு நாள் இங்கயே இருங்க. அச்சை நேராப் போட்டுத் தாரேன். சீராப் போய்ச் சேரலாம்."

தம்பிதுரை தலையாட்டப் போனார். பின்சீட்டிலிருந்து ராசாத்தாள் முந்திக்கொண்டாள்.

"வேண்டாமுங்கண்ணா. ஊட்டுக்குப் போய் மாத்திக்கலாம். போறப்பவும் இப்படியே போலாமுங்க."

தம்பிதுரை பின்சீட்டுப் பக்கம் போனார். அவள் முதுகுக்குத் தலையணையை நிமிர்த்தி வைத்துவிட்டு, வளையத்தின் முன்னால் போய் அவளைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.